தங்கமணிக்கு ஒரு ரிவால்வர்

கான்பூர் வந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. வந்த புதிதில் என்னை அசர வைத்தது டிசம்பர் குளிரோ சுவரெல்லாம் பான் கறையோ இல்லை. கல்யாண மண்டப வாசலில், டீக்கடை பெஞ்சில், டாக்டர் கிளினிக்கில் என்று எங்கே பார்த்தாலும் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். நம்ம ஊரில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் செக்யூரிட்டி பெரியவர் ஸ்டூலில் சாய்த்து வைத்திருப்பது. அதை விட்டால் சினிமாதான்.

இது வெறும் பிரமை இல்லை மக்களே. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 கடைசியில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். இவர்கள் ஜனத்தொகை நம்மைப் போல மூன்று மடங்கு கூடக் கிடையாது. லைசென்ஸ் மட்டும் ஐம்பது மடங்குக்கு மேல்!

இதெல்லாம் எனக்கெதற்கு என்று ஆறு வருஷம் இருந்துவிட்டேன். சென்ற குளிர்காலத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

தங்கமணி ஒரு பேங்கில் கிளை மேலாளர். கங்கைக்கு அந்தப் பக்கம், உன்னாவ் மாவட்டத்தில் கிராமம் மாதிரியான ஓர் ஊர். ஒரு லோன் பேப்பர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரமே கிளை வாசலில் இருந்து ஒரு பைக், இரண்டு பேர், இவள் கார் பின்னாலேயே பாலம் வரைக்கும். ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா பின்னால் வந்தார்கள். மூன்று நாள். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பனி வேறு. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தவள், "என்னங்க, நான் பயந்துட்டேன்"னு சொன்னாள். பதினாலு வருஷத்தில் அவள் வாயில் இருந்து நான் கேட்காத வார்த்தை அது.

ஆபீஸில் சொன்னேன். எல்லோரும் ஒரே பதில். "பாய் சாப், பாபிஜிக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுங்க. கைப்பையில் ஒரு ரிவால்வர் இருந்தால் எவன் வருவான்?" ஏதோ மழைக்குக் குடை வாங்கச் சொல்கிற மாதிரி! சிரிக்கத் தோன்றவில்லை. அந்த வார சனிக்கிழமையே இரண்டு பேரும் மெஸ்டன் ரோடு போனோம். செருப்புக் கடைகளுக்கும் தோல் பொருள் கடைகளுக்கும் நடுவில் துப்பாக்கிக் கடைகள் இருக்கும் தெரு அது.

கட்டுப்படியாகும் விலையில், கைக்கு அடக்கமாக என்ன கிடைக்கும்? எனக்கு அன்று தெரிந்ததும் பிறகு படித்ததுமாகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், ஹாலிவுட் படத்தில் பார்க்கும் எதையும் நாம் வாங்க முடியாது. ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் 9 மி.மீ. ரகமெல்லாம் பொதுமக்களுக்குத் தடை. வெளிநாட்டுச் சரக்கும் 1980களின் நடுவில் இருந்து வருவதில்லை, போட்டியில் சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. அதனால்தான் தாத்தா காலத்து வெப்லி ஸ்காட்டை எல்லாம் இங்கே பழைய நகை மாதிரி லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32 ரகம். அதிலும் அரசு ஆர்டினன்ஸ் ஃபேக்டரி ரிவால்வர். நாங்கள் குடியிருக்கும் கான்பூரிலேயேதான் செய்கிறார்கள்.

அதில் பேர்பெற்றது 'நிர்பீக்'. 2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, பெண்களுக்கென்று 2014 ஜனவரியில் கொண்டுவந்தது. ஆறு தோட்டா. டைட்டானியம் கலந்த உலோகம் என்பதால் எடை சுமார் அரைக் கிலோதான். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் கலர் பெட்டியில் வைத்துத் தருவார்களாம். அப்போதே விலை சுமார் 1.22 லட்சம். எந்தப் பெண்ணுக்கு என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியின் .22 'நிடர்' இன்னும் இலேசு, கால் கிலோ. வந்தபோது விலை சுமார் 35 ஆயிரம். ஆனால் .22 தோட்டாவின் வேகம் அவ்வளவுதான். கையடக்கமாக இருக்கிறது, மலிவாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்கும் சாமான் இல்லை இது. 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' மறுபடி .32. எடை 700 கிராம். பழைய மாடல்களை நடுவில் மடக்கித்தான் தோட்டா போடவேண்டும், இதில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். தனியார் தரப்பில், 2020இல் வெப்லி ஸ்காட் பெயரிலேயே ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் செய்ய ஆரம்பித்தார்கள். அப்போது அதன் விலை சுமார் 1.6 லட்சம்.

இதற்கு மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன்னால் 28. பான் மசாலா, உல்லாசப் படகு எல்லாம் இருக்கும் பட்டியலில் இதுவும் :-) ஆக, 'மலிவான கைத்துப்பாக்கி' என்றாலே ஒரு நல்ல ஸ்கூட்டர் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். காலி ரிவால்வரைத் திறந்து காட்டிவிட்டுத் தங்கமணி கையில் கொடுத்தார். விசையை இழுத்துப் பார்த்தாள். ஒரு விரலால் முடியவில்லை, மறு கையையும் சேர்த்தாள். "பழகினா வந்துடும் மேடம்" என்றார் அவர். உண்மைதான். ஆனால் பழகுவதற்கு ரேஞ்ச் வேண்டும், தோட்டா வேண்டும். அந்தத் தோட்டாவும் லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் கிடைக்காது.

இரண்டாவது விஷயம் லைசென்ஸ். இங்கே டி.எம். என்பார்கள், நம்ம ஊரில் கலெக்டர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, உடல்நலம் மனநலம் இரண்டுக்கும் டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று பயிற்சிச் சான்றிதழ், வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. 2016 விதிகள் வந்த பிறகு இதெல்லாம் கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், அதற்கு முன் மூன்று. இவ்வளவும் செய்யலாம். அலைச்சல்தான், ஆனால் செய்யலாம்.

எங்களை நிறுத்தியது மூன்றாவது விஷயம். வாங்கிய பிறகு அதை வைத்துக்கொண்டு வாழ்வது.

அன்று இரவு சாப்பாடு முடிந்து தங்கமணி ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேங்க்காரி இல்லையா, லோன் அப்ளிகேஷனை அலசுவது மாதிரி அலசினாள்.

"காலைல ஒன்பதரைக்குக் கிளைக்குப் போறேன். சாயங்காலம் வரைக்கும் அதை எங்க வெப்பேன்? பேங்க் லாக்கர்ல ஆயுதம் வெக்கக்கூடாதுன்னு கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கறதே நான்தான்."

"கைப்பையில..."

"இந்த ஊர்ல முதல்ல பறிபோறது எதுங்க? கைப்பைதானே! பர்ஸ் போனா பணம் போகும். இது போனா, இதை வெச்சு எவன் எங்க சுட்டான்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா நான் பதில் சொல்லணும்."

எனக்குப் பதில் வரவில்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள் மூடித்தான் எடுத்துப்போக வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டினாலே குற்றம். இடுப்பில் உறை மாட்டலாம் என்றால், புடவைக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் அதை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நாற்காலியில் உட்கார்ந்து, டிவி ரிமோட்டை வைத்துப் பார்த்தோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பார்த்தோம். அதற்குள் பைக் வந்து கண்ணாடியைத் தட்டிவிடும்.

தற்காப்பு உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதுதான். ஆனால் சுடும் அளவுக்குப் போக உயிருக்கோ பெரிய காயத்துக்கோ அது போன்ற கடுமையான குற்றத்துக்கோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும், வந்த ஆபத்துக்குத் தேவையான அளவுதான் எதிர்க்கலாம். பின்னாலேயே வரும் பைக்கைச் சுட முடியாது. அதாவது, எந்தப் பயத்துக்காக வாங்க நினைத்தோமோ அந்தப் பயத்துக்கு அது மருந்தே இல்லை.

அடுத்தது வீடு. இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, பையனுக்குப் பத்து வயசு. பீரோவின் எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வருஷம் ஒருமுறை மூன்று வாரம் திருநெல்வேலி. அப்போது கடைக்காரரிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். லைசென்ஸ் ஒரு மாநிலத்துக்கு மட்டும் என்றால் ரயிலில் கூட எடுத்து வருவதே குற்றம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஒப்படைக்கச் சொல்வார்கள். இந்த மாநிலத்தில் லோக்சபா, சட்டசபை, பஞ்சாயத்து என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஆனால் புது ஊரில் திரும்பப் பதிவு. பேங்க் வேலையில் டிரான்ஸ்ஃபருக்கா பஞ்சம்?

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வைத்திருக்கிறார். அவர் அப்பா வைத்திருந்தார், தாத்தாவும் வைத்திருந்தார். சொந்த நிலம், கூட்டுக் குடும்பம், எந்நேரமும் வீட்டில் நாலு பெரியவர்கள், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம். அவர் வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி ஓர் இடத்தில் வேர் விட்டவர்களுக்கான சாமான். சூட்கேஸும் குக்கருமாக ஊர் ஊராகப் போகும் நமக்கு, அது நம்மைக் காப்பதற்கு முன் நாம் அதைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக வாங்கவில்லை. வேறென்ன செய்தோம் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமையே தங்கமணி மண்டல அலுவலகத்துக்கும் போலீஸுக்கும் எழுத்தில் கொடுத்தாள், திருப்பி அனுப்பிய லோனின் விவரத்தோடு. எழுதிக் கொடுக்கத் தயங்காதீர்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். 112ஐயும், உ.பி.யின் பெண்கள் உதவி எண் 1090ஐயும் போனில் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதே பாதையில் வரும் இன்னொரு கிளைப் பெண்மணியும் இவளும் இப்போது ஒரே காரில் வருகிறார்கள். ஒரு டிரைவர் போட்டோம், மாதம் பன்னிரண்டாயிரம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1.44 லட்சம், கிட்டத்தட்ட ஒரு ரிவால்வர் விலை! கைப்பையில் ஒரு பெப்பர் ஸ்ப்ரே. சில நூறு ரூபாய்தான், லைசென்ஸும் வேண்டாம். பறிபோனால் இன்னொன்று.

அந்த பைக் அப்புறம் ஒரு தடவை வந்தது. காரில் மூன்று பேர் இருப்பதைப் பார்த்துவிட்டு பாலத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஏழு மணி தாண்டினால் நான் இன்னமும் பால்கனியில்தான் நிற்கிறேன். பேங்க், பள்ளிக்கூடம், பிராஜக்ட் சைட் என்று வடக்கே தனியாகப் போய்வரும் பெண்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த குளிர்காலத்துக்குள் எங்களுக்கும் உதவும்.