பன்னிரண்டு ஆண்டு நீடித்த 1862

சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கினால், பிரேசர் டவுன் ஆட்டோவில் சில நிமிடம்தான். 1898இல் பிளேக் நோய் பெங்களூரைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு, காற்றும் வெளிச்சமும் வரும்படி அகலத் தெருக்களோடு அமைத்து 1910இல் திறந்த பேட்டைதான் பிரேசர் டவுன். மைசூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்து, பின்னால் ரெசிடென்டாக உயர்ந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். இன்று அரசாங்க ஏட்டில் புலகேசி நகர். ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றால்தான் வண்டி நகர்கிறது. உருதுக்கும் கன்னடத்துக்கும் நடுவே தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. 1809இல் இங்கே கன்டோன்மென்ட் வந்தபோது மதராஸ் பட்டாளத்தின் பின்னாலேயே வந்த தமிழ் அது.

மாஸ்க் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஆயுள் முழுக்கப் பழைய காசுகளைச் சேகரித்தவர். மேசையில் ஒரு விளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கீழே மெத்தென்ற துணி. "விளிம்பைப் பிடிங்க தம்பி, முகத்துல விரல் படக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் காசைக் கொடுத்தார்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் குண்டூசித் தலையளவு யானை ஒன்று. லென்ஸ் வழியே பார்த்தேன்: தும்பிக்கை குட்டை, கால்கள் குட்டை. பன்றி போலத்தான் இருந்தது. அன்றைக்கும் ஜனங்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பன்றி பொறித்த காசைத் தொட மாட்டோம் என்று முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். அடித்த ரூபாயில் பெரும்பகுதியை அரசாங்கம் உருக்க வேண்டியதாயிற்று. பெரியவர் பக்கத்திலேயே 1912ஆம் ஆண்டு ரூபாயை வைத்தார். அச்சைத் திருத்தியிருக்கிறார்கள், தும்பிக்கை நீண்டு, யானை யானையாகவே நிற்கிறது. மற்றதெல்லாம் அதே மன்னர், அதே கிரீடம். செதுக்குபவரின் கை தவறிய ஒரு மயிரிழை ஒரு சாம்ராஜ்யத்தையே பின்வாங்க வைத்திருக்கிறது. அந்த இரண்டு காசுகளையும் விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

அடுத்து விக்டோரியா ராணி. வரிசையாக ரூபாய்கள், எல்லாவற்றிலும் 1862. அந்த ஆண்டு புது அச்சு வந்தபின், 1874 வரை ரூபாயில் ஆண்டை மாற்றவே இல்லை. அப்படியானால் எது எப்போது அடித்தது? பம்பாய் நாணயச் சாலை ஒரு வழி வைத்திருந்தது: ஆண்டுக்குக் கீழே நுண்ணிய புள்ளிகள். காலம் போகப் போகப் புள்ளிகள் கூடுகின்றன. கடைக்காரரும் கவனித்திருக்க மாட்டார், வாங்கியவரும் கவனித்திருக்க மாட்டார். சாலைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமான கணக்கு அது. அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணியபோது, பம்பாயின் உலைக்களத்துக்குள்ளேயே நிற்பதுபோல எனக்குச் சிலிர்த்தது.

தவறுபோலத் தெரிந்து தவறாக இல்லாததும் உண்டு. திப்பு சுல்தானின் நாணயச் சாலைகளில் ஒன்று இந்தப் பெங்களூரிலேயே இருந்தது. அவருடைய யானைச் செப்புக்காசு ஒன்றில் 5121 என்று ஆண்டு படித்தேன். உண்மையில் அது 1215. நபிகள் பிறப்பைக் கொண்டு திப்பு தொடங்கிய மௌலூதி ஆண்டில் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுத வைத்தார். செப்புக்காசுகளுக்கு அவர் வைத்த பெயர்களும் வானத்தில் இருந்து வந்தவை: பைசாவுக்கு ஸுஹ்ரா, அதாவது வெள்ளி, அரைப் பைசாவுக்கு பஹ்ராம், அதாவது செவ்வாய்.

நம் சட்டைப்பையில் இருக்கும் சில்லறைக்கும் இதே வாசிப்புதான். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி 1988இல் தொடங்கிய நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது; இருபத்தைந்து பைசாவில் சி இருந்தால் கனடாவின் ஒட்டாவா. இங்கேதான் ஏமாற்றும் நடக்கிறது. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் மும்பையின் வைரம் பதியாது. அதைக் கொல்கத்தா என்று விற்பவர்கள் உண்டு. எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டை உருண்டு திரண்டு நிற்கும். அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்த இரட்டை படிக்கட்டுபோலத் தட்டையாக இருக்கும், அதற்கு மதிப்பில்லை. அச்சு விரிசல் விட்டிருந்தால் காசில் பள்ளம் விழாது, மேடான கோடு வரும். உலோகம் விரிசலுக்குள் புகுந்துகொள்வதால்.

செய்தித்தாளில் வரும் லட்ச ரூபாய்க் கதைகளை நம்பி இதில் இறங்காதீர்கள். தாத்தா பெட்டியில் பழைய வெள்ளி ரூபாய் கிடந்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாம்பலும் வேண்டாம். அது 1862 ரூபாயாக இருந்தால், தேய்க்கும்போது முதலில் போவது ஆண்டுக்குக் கீழே உள்ள அந்தப் புள்ளிகள்தான். போனால் அந்தக் காசு எந்த ஆண்டு பிறந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.