மரம் என்ன செய்தது?

அமெரிக்காவின் பல்கலைக்கழக உதைபந்தாட்டம் நாம் அறிந்த ஆட்டமல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். அதன் விதிகளை நானாதான் எனக்குச் சொல்லித் தந்தார். ஆனால் ஆட்டத்தை விட, அதைச் சுற்றிய பேச்சுக்களே என்னை யோசிக்க வைத்தன.

அலபாமா மாநிலத்தில் அலபாமா, ஓபர்ன் என்று இரு பல்கலைக்கழகங்கள். 1893இல் முதன்முதலாக மோதின. 1907க்குப் பின் 1948 வரை மோதவே இல்லை. 2010இல் ஓபர்ன் 28-27 என வென்றது. ஆத்திரம் தாங்காத அலபாமா ரசிகர் ஒருவர், ஓபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடும் ஓக் மரங்களுக்கு நஞ்சிட்டார். பிறகு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்து அதைப் பெருமையாகச் சொன்னார். 2013இல் மரங்கள் வெட்டப்பட்டன.

படித்த பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 2022 மே மாதம் அலபாமா பயிற்றுவிப்பாளர் நிக் சேபன், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி வீரர்களை விலைக்கு வாங்கியது என்றார். அவ்வணியின் பயிற்றுவிப்பாளர் ஜிம்போ ஃபிஷர், ஒரு காலத்தில் சேபனிடமே துணையாக இருந்தவர். மறுநாளே ஊடகவியலாளரை அழைத்துத் திட்டித் தீர்த்தார். பெயர் குறிப்பிட்டுப் பேசியதற்காக சேபன் மன்னிப்புக் கேட்டார்.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் இங்கும் அப்படித்தான். "நடுவர் அவங்கட ஆள்" என்று காலையில் ஒருத்தி சொல்வாள். மாலைக்குள் அது பத்துக் கதையாகும். அதனால் தோழியர் இருவர் ஒரு தவணை முழுவதும் முகம் பாராதிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

கிண்ணம் அடுத்த வருடம் கைமாறும். முறிந்த நட்பும் அப்படித் திரும்பி வருமா?