புன்னைக்காயல் வரை ஒரு கடலோர நடை

சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒன்பது குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள் 41 பேர், காயல்பட்டினம் கடற்கரையிலிருந்து வடக்கே புன்னைக்காயல் வரை கரையோரமாகவே நடந்தோம். தொலைவு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். இடையில் கடலில் நீந்துவது என்றும் முடிவாகியிருந்தது. நடைக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. நீச்சலைப் பற்றித்தான் மூன்று வாரங்கள் பேச வேண்டியிருந்தது.

மரக்கலம் செலுத்தியவர்கள் என்பதால் மரைக்காயர் என்ற பெயர் வந்ததாக நம் பெரியவர்கள் பெருமையுடன் சொல்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்துவைத்த ‘காயில்’ துறைமுகமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஆனால் அந்த 41 பேரில் நீந்தத் தெரிந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தபோது ஆறு பேர்தாம் தேறினர். கடற்கரைக்கு இன்று நாம் செல்வது காற்று வாங்குவதற்கும், மணலில் அமர்ந்து வாடா உண்பதற்கும்தான். இடுப்பளவு நீரில் நிற்கும் மகனைக் கரையிலிருந்து கூவி அழைக்காத உம்மா நம் ஊரில் உண்டா?

அந்த அச்சத்தை எளிதாக எண்ணிவிடவும் இயலாது. எங்களுடன் வந்த ராத்தா ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் தம்பியைக் கடலில் இழந்தவர். அவருடைய பதினான்கு வயது மகன் அதுவரை கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டறியாதவன். “நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுடைய நன்மையைப் பெறுவார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அது சத்தியம். ஆனாலும் அவனுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை” என்றார். அந்த ஒரு சொல்லே மூன்று வார விவாதத்தையும் முடித்துவைத்தது என்று சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் கற்றுக்கொடுங்கள் என்ற அறிவுரை நபிமொழியாகவே மேடைகளில் கூறப்படுகிறது. அது உமர் (ரலி) அவர்களின் கூற்றாகவே பெரிதும் அறியப்படுகிறது. எனினும் வீண் விளையாட்டில் சேராத செயல்களுள் நீச்சல் கற்பதையும் சேர்த்துச் சொல்லும் ஹதீஸ், இமாம் நஸாயீ அவர்களின் ‘அஸ்ஸுனனுல் குப்ரா’வில் இடம்பெற்றுள்ளது. நாங்கள் அணுகிய ஆலிம், பெண்கள் நீந்துவதையும் தடுக்கவில்லை. பிறர் பார்வை படாத இடம், உடலை ஒட்டாத ஆடை, நம்பகமான பாதுகாப்பு ஆகிய மூன்றையும் உறுதிசெய்யுமாறு கூறினார். ஆண்களுக்கும் ஆடை வரம்பு உண்டு என்பதை அவரே நினைவூட்டினார். தொப்புளிலிருந்து முட்டுக்கால் வரை மறைய வேண்டும் என்பதால், இளைஞர் சிலர் வாங்கிவைத்திருந்த குட்டைக் கால்சட்டைகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும் கரை இது. ஈர மணலில் நடப்பது எளிது. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், வடக்கே நடப்போருக்கு வலக்கால் எப்போதும் தாழ்வில் பதிகிறது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலித்தது. செருப்பைக் கழற்றியவர்கள் நன்றாக நடந்தனர். ஞாயிறு என்பதால் பரதவர் கடலுக்குச் செல்லவில்லை. படகுகள் கரையேறிக் கிடந்தன.

பெண்களின் முறையை முதலில் வைத்தோம். ஆண்கள் குளித்து முடித்த பின் எஞ்சிய நேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் வழக்கம் நம் விழாக்களிலும் விருந்துகளிலும் ஊறிப்போனது. காலையில்தான் கடல் அமைதியாகவும் கரை ஆளற்றும் இருக்கும் என்பதால், நல்ல நேரம் அவர்களுக்கே உரியது என்று கொண்டோம். ஆண்கள் அரைக் கிலோமீட்டர் முன்னே சென்று, தாழைப் புதருக்கு அப்பால் அமர்ந்து இடியாப்பப் பொட்டலங்களைக் காவல் காத்தனர். பொட்டலங்கள் முழுமையாகத் திரும்பி வரவில்லை என்பது தனிச் செய்தி.

ஹாங்காங்கில் வளர்ந்து, அங்கே பள்ளியில் நீச்சல் கற்ற சகோதரி ஒருவர் எங்களுடன் இருந்தார். நம் ஊரார் வணிகத்துக்காகக் குடியேறிய அந்நகரம் இப்படியும் நமக்கு உதவியது. அவர் முதலில் எவரையும் நீரில் இறங்கவிடவில்லை. கால் மணி நேரம் அலையைப் பார்க்கச் சொன்னார். அலைகள் வெண்மையாக உடையும் இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், அமைதியாக, மணல் கலங்கிய நிறத்தில் தெரிந்தது. பழகாதவர் கண்ணுக்கு அதுவே இறங்க ஏற்ற இடமாகத் தோன்றும். கரையில் மோதிய நீர் மீண்டும் கடலுக்குள் பாயும் வழி அது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓட்டத்தைவிட்டு விலகிவிடலாம்; இயலாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்த வேண்டும். இந்த மூன்று சொற்றொடர்களை நம் மதரஸாப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

பின்னர் கரையில் ஊன்றிய கம்பில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தவாறு இடுப்பளவு ஆழம் வரை மட்டுமே சென்றனர். அறுபது கடந்த மாமி ஒருவர் முதல் முறையாக மல்லாந்து மிதந்தார். உப்பு மிகுந்த கடல்நீர் குளத்துநீரைவிட உடலை நன்றாகத் தாங்கும். தலையைத் தூக்காமல் காதுகளை நீருக்குள் விட்டாலே போதும். அந்த மாமி கரையேற மறுத்துவிட்டார்.

ஆண்களின் முறை வந்தபோது ராத்தாவின் மகனும் இறங்கினான். சற்றுத் தொலைவில், மணல்மேட்டின்மேல் அமர்ந்து ராத்தா ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். இரண்டு காக்காமார் பையனின் முதுகின்கீழ் கைவைத்துத் தாங்கினர். ஐந்தாம் முறை கைகளை எடுத்தபோது அவன் மிதந்தான். பத்து எண்ணும் வரை இருந்திருப்பான். ராத்தா எழுந்து நின்றுவிட்டார். ஆனால் கூவி அழைக்கவில்லை.

புன்னைக்காயலை அடைந்தபோது லுஹருக்கு நேரமாகியிருந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை கடலை நோக்கி வளர, கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. பழையகாயலின் துறைமுகமும் அவ்வாறே தூர்ந்தது. பூசை முடித்து வந்த முதிய மீனவர் ஒருவர் எங்களைக் கண்டதும், “பாய், முகத்துவாரத்துல மட்டும் இறங்கிராதீக. அடியில இழுப்பு இருக்கு” என்றார். இறங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆயினும் கேளாமலே வந்து சொன்ன அந்த அன்புக்கு நன்றி கூறினோம். குடிநீர் குறைந்திருந்ததால் கடல்நீரிலேயே ஒளுச் செய்தோம். கடலோடிகள் கேட்டபோது, அதன் நீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தது அன்று கைகொடுத்தது. இத்தொலைவு பயணச் சலுகைக்கு அருகில்கூட வராது என்பதால் நான்கு ரக்அத்துகளும் முழுமையாகத் தொழுதோம். நம் கரையில் கிப்லாவை நோக்கி நின்றால் கடல் முதுகுக்குப் பின்னே இருக்கும். இமாமின் தக்பீரோடு அலையோசையும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்புவதற்கு வேன் ஏற்பாடு செய்திருந்தோம். வழியில் பையன், அடுத்த வாரமும் கடலுக்குப் போகலாமா என்று உம்மாவிடம் கேட்டான். ராத்தா நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. ஊர் எல்லை வந்ததும், “அந்தக் கயிறு யார் வீட்டில் இருக்கிறது?” என்று மட்டும் எங்களைக் கேட்டார்.