குட்டி மலை, குட்டிப் பகல்

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மலைகளைக் கணக்கெடுப்பதில் அலாதிப் பிரியம். 1891-ல் ஸர் ஹியூ மன்ரோ என்ற கனவான் 3000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களையெல்லாம் பட்டியல் போட்டு அச்சடித்துவிட்டார். இன்றைக்கு அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள். அத்தனையிலும் ஏறி முடிப்பதே வாழ்நாள் லட்சியம் என்று அலைகிறவர்கள் ஏராளம். (பட்டியல் போட்டவர் பாக்கி வைத்துவிட்டு 1919-ல் போய்ச் சேர்ந்தார்.) உயரம் கிடக்கட்டும், சுற்றுப்புறத்தைவிட 150 மீட்டராவது எழும்பி நின்றால் போதும் என்று 1992-ல் ஆலன் டாஸன் இன்னொரு பட்டியல் போட்டார். அதற்கு என்ன பெயர் தெரியுமோ? மர்லின். மன்ரோ என்று ஒன்று இருந்தால் மர்லின் வேண்டாமா!

நான் போனது மர்லின் ஜாதி. எடின்பரோவுக்குத் தெற்கே, டவுன் பஸ் தூரத்தில் பென்ட்லண்ட் குன்றுகள். இருப்பதிலேயே உசத்தியான ஸ்கால்ட் லா வெறும் 579 மீட்டர். கோடையில் குழந்தை குட்டி, நாய் சகிதம் ஏறிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

டிசம்பரில் சமாசாரமே வேறு. சூரியன் எட்டரைக்கு மேல்தான் சோம்பல் முறித்து எழுந்திருக்கும். மூன்றே முக்காலுக்குள் கடையைக் கட்டிவிடும். மொத்தப் பகலே ஏழு மணி நேரம். அதிலும் உச்சிக்கு வருகிற பேச்சே இல்லை, அடிவானத்தை உரசிக்கொண்டே நகர்கிறது. நடுப்பகலில் நம் நிழல் நம்மைப்போல் ஐந்து மடங்கு நீளம்!

ஆகவே பென்சிலும் பேப்பரும். 1892-ல் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு வாய்ப்பாடு சொன்னார்: மணிக்கு 3 மைல், ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் ஒரு மணி உபரி. ஃப்ளாட்டர்ஸ்டோனில் தொடங்கி டர்ன்ஹவுஸ், கார்னெதி, ஸ்கால்ட் லா என்று மூன்று உச்சி, பிறகு பள்ளத்தாக்கு வழியே திரும்பல். சுமார் 12 கிலோமீட்டர், 2000 அடி ஏற்றம். மூன்றரை மணி நேரம் என்று வந்தது. பனிக்கட்டி, எதிர்க்காற்று, பிளாஸ்க் டீ இவற்றுக்கெல்லாம் வாய்ப்பாட்டில் இடமில்லை. பதினொன்றேகாலுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

அடிவாரக் கேட்டில் எதிரே வந்த ஒரு பெரியவர், கையில் நாய்ச் சங்கிலியோடு, ஏற இறங்கப் பார்த்தார்.

"டார்ச் இருக்கா?"

"இருக்கு."

"பாட்டரி?"

"புதுசு."

"அப்ப சரி." போயே போய்விட்டார். வானிலை பற்றி ஒரு வார்த்தை பேசாத பிரிட்டிஷ்காரரை அன்றுதான் பார்த்தேன்.

யார் நிலம், யாரிடம் அனுமதி என்ற கேள்வியெல்லாம் அங்கே கிடையாது. பொறுப்பாக நடந்துகொள்கிற யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம் என்று 2003-ம் வருஷச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ஆடுகளைக் கலைக்கக்கூடாது, திறந்த கேட்டை மூடவேண்டும். எதிர்ப்பக்கம் காஸில்லாவில் மட்டும் ராணுவம் சுட்டுப் பழகுகிறது. சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் உரிமை பேசப் போகாமலிருப்பது உடம்புக்கு நல்லது.

டர்ன்ஹவுஸ் ஏற்றத்தில் புல் விறைத்துப்போய், மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. 506 மீட்டர் உச்சியில் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. தென்கிழக்குச் சரிவில், தோப்போரமாக ருல்லியன் கிரீன். ஆட்டுப்புல் தவிர வேறொன்றும் தெரியாத இடம். 1666 நவம்பர் 28-ல் அங்கே ஒரு யுத்தம் நடந்தது.

மன்னர் திணித்த பிஷப்புகளை ஏற்கமாட்டோம் என்ற கவனென்டர்கள், தென்மேற்குச் சீமையிலிருந்து மழையிலும் சேற்றிலும் எடின்பரோவுக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே பலர் கழன்றுகொள்ள, மிஞ்சியது சுமார் 900 பேர். எதிரே டாம் டால்யெலின் அரசுப் படை, பல மடங்கு. முதல் தாக்குதல்களைச் சமாளித்தவர்கள் அந்தி சாய்கிற நேரத்தில் உடைந்தார்கள். பழைய காலண்டர் தேதி அது. இன்றைய கணக்கில் டிசம்பர் 8. ஆக அவர்களுக்கும் மூன்றே முக்காலுக்கு முன்பே சூரியன் போயிருக்கும். சுமார் 50 பேர் விழுந்தார்கள். மற்றவர்களில் பலரைக் காப்பாற்றியது இருட்டுதான். பிடிபட்டவர்களில் பலர் தூக்குமேடைக்குப் போனார்கள்.

இருட்டில் தப்பியவர்களில் காயம்பட்ட ஒருவர், மலைத்தொடரின் மறுகோடியில் ஒரு இடையர் வீட்டுக் கதவைத் தட்டினார் என்று கதை சொல்கிறார்கள். உள்ளே வரச்சொன்னால் மறுத்துவிட்டாராம். அடைக்கலம் தந்த குற்றத்துக்கு அந்தக் குடும்பம் சிக்கிக்கொள்ளுமே! 'என் ஊர் மலை தெரிகிற இடத்தில் புதைச்சிடுங்க' என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். ஊர், அயர்ஷையர். இடையர் அப்படியே செய்தார். பிளாக் லா என்ற மேட்டில் அந்தச் சமாதி இருக்கிறது. அங்கே நின்றால் வெகு தூரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு இடுக்கில், அயர்ஷையர் குன்றுகள் தெரியுமாம். ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு அந்த இடுக்கைத் தேடி நடந்தானே, அவனை நினைத்துக்கொண்டே கார்னெதி ஏறினேன்.

கார்னெதி 573 மீட்டர். உச்சியில் வெண்கல யுகத்துக் கற்குவியல். அதன் மறைவில் டீ. மணி ஒன்றே முக்கால். நெய்ஸ்மித் கணக்கில் ஒரு மணி நேரம் நஷ்டம். எதிரே இருந்த ஸ்கால்ட் லாவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் கழுத்து வரை விழுங்கிவிட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கணவாய். பள்ளத்தாக்கு ஜனங்கள் பெனிகுக் சர்ச்சுக்கு மலை தாண்டிப் போன பழைய பாதை, கர்க் ரோடு. அங்கே இறங்கியபோது மணி இரண்டேகால். மேலே போய்வர முக்கால் மணி, மேகத்தில் வழி தேட எவ்வளவோ. ஹெதர் புதரிலிருந்து க்ரௌஸ் பறவை ஒன்று படபடவென்று கிளம்பியது. அதன் கத்தல் 'கோ பேக், கோ பேக்' என்று கேட்கும் என்பார்கள். சத்தியமாக அப்படித்தான் கேட்டது. வெறும் 6 மீட்டர்தானே அதிகம்! வலது பக்கம் திரும்பிக் கீழே இறங்கினேன்.

லோகன்லீ தாண்டி க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கம். 1820-களில் கட்டினபோது ஒரு பழைய தேவாலயம் உள்ளே மூழ்கிவிட்டது. தண்ணீர் ஈய நிறத்தில் அசையாமல் கிடந்தது. கறுப்பு முகத்து ஆடுகள் வரிசையாகச் சுவரோரம் ஒதுங்க ஆரம்பித்தன. மணி மூன்று நாற்பது. திரும்பிப் பார்த்தேன். மலைமேல் மேகத்தின் சுவடே இல்லை. துடைத்து வைத்தாற்போல் வானம், ஒற்றை நட்சத்திரம் வேறு.