இந்த வசனம் யார் சொன்னது?

பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்களிடம் படித்து இப்போது சட்டபீடத்தில் இருக்கும் ஒரு மகள், விடுமுறையில் தன் ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்தார். நாங்கள் மூன்று ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் அல்ல. வசனப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டார். பாடம் பொதுச் சட்டம், அதாவது அரசாங்கத்துக்கும் பிரஜைக்கும் இடையிலான சட்டம். தலைப்பு, இயற்கை வளங்கள் மீது அரசுக்குள்ள பொறுப்பு. உதாரணத்துக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும், கொழும்புக் குப்பை வந்த அருவாக்காட்டையும் எடுத்திருந்தார். நம் ஊர்க் கதை என்பதால் ஆர்வமாக வாசித்தோம்.

எப்பாவல வழக்கு பற்றிய அடிக்குறிப்பில் வழக்கின் பெயர் மட்டுமே இருந்தது.

"இது எந்தப் பக்கத்தில இருக்கு மகள்?"

"தெரியாது சேர். டியூட்ல இப்படித்தான் போட்டிருக்கு. எல்லாரும் இதைத்தான் போடுற."

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தமிழ் மொழிமூலம் படிக்கும் மாணவருக்குத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. நேரமும் குறைவு. கையில் இருப்பது டியூட் மட்டுமே. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அகராதியோடு மூன்று மாலைகள் உட்கார்ந்தோம்.

விஷயம் இதுதான். அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற் அகழ்வதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்ய அரசு தயாரானது. அந்தப் பகுதி மக்கள் ஏழு பேர், அவர்களில் ஒருவர் விகாரையின் தேரர், அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. முழுமையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தத்தில் இறங்கக் கூடாது என்றது.

டியூட்டில் இருந்த வரி, "அமெரிக்கப் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது" என்பது. தீர்ப்பை வாசித்தால் கதை வேறு. அந்தக் கோட்பாடு ஒப்பீட்டளவில் குறுகியது, நம் முன்னோர் வளங்களைப் பார்த்த விதத்தில் பார்ப்பதையே தாம் விரும்புவதாக நீதியரசர் சொல்கிறார். அங்கே பாதுகாவலர் என்ற பொறுப்பு விரிகிறது. மகளின் கட்டுரைக்கு முதுகெலும்பே இந்த இடம்தான். டியூட் அதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தது.

இன்னொன்று. மன்னன் நிலத்தின் உரிமையாளன் அல்ல, காவலன்தான் என்ற கருத்தை டியூட் நேரடியாக அமரசிங்கவின் பெயரில் போட்டிருந்தது. உண்மையில் அவர் அதை நீதிபதி வீரமந்திரியிடமிருந்து எடுக்கிறார். வீரமந்திரி 1997இல், ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டனியூப் நதி வழக்கில், ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் எழுதிய தனித் தீர்ப்பு அது. அவரோ, மஹிந்த தேரர் தேவநம்பியதீச மன்னனுக்குச் சொன்னதாக வரும் பழைய போதனையை எடுக்கிறார். ஒரு வசனத்துக்குப் பின்னால் மூன்று பேர்.

நம் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. ஹதீஸுக்கு ஸனது கேட்டு வளர்ந்த பிள்ளைகள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறாரா என்று மத்ரஸாவில் கேட்கிறோம். அதே கேள்வியை ஒப்படையிலும் கேட்டால் போதும்.

பிள்ளைகளே, நடைமுறைக்கு வருவோம். வழக்கைச் சொன்னால் ஆண்டு, தொகுதி, பக்கம் மூன்றும் வேண்டும். எப்பாவல வழக்கு 2000ஆம் ஆண்டு ஸ்ரீ லங்கா சட்ட அறிக்கைகளின் 3ஆம் தொகுதியில் 243ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. நீங்கள் எடுத்த கருத்து இருக்கும் பக்கத்தைத் தனியாகப் போடுங்கள். அச்சில் வராத தீர்ப்புக்கு வழக்கு இலக்கமும் திகதியும். அரசியலமைப்பு என்றால் எந்தக் காலத்து அரசியலமைப்பு? 2015இல் 19ஆம் திருத்தம், 2020இல் 20ஆம் திருத்தம், 2022இல் 21ஆம் திருத்தம் வந்தன. உறுப்புரை இலக்கம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது மாறியிருக்கலாம். டியூட்டில் மட்டும் பார்த்திருந்தால் "இன்னாரின் குறிப்பில் எடுத்தாளப்பட்டது" என்று எழுதிவிடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

கைத்தொலைபேசியிடம் வழக்குக் கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது. 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் அபராதம் கட்டினார்கள். அந்த வழக்குகள் உலகத்திலேயே இல்லை.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறோம்? நுரைச்சோலைச் சாம்பல், அருவாக்காட்டுக் குப்பை, களப்பு மீன் பற்றி நாம் வாய் திறந்தால் முதலில் கேட்பது "ஆதாரம் என்ன?" என்றுதான். கோபப்படுகிறோம். ஆனால் கேள்வி நியாயமானது. எப்பாவல மக்கள் கோபத்தோடு மட்டும் போகவில்லை. அந்தத் தீர்ப்பில் தேசிய விஞ்ஞான நிறுவனங்களின் அறிக்கைகள் எடுத்துப் பேசப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய காகிதங்கள் அவை.

நமக்கும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் ஆவணம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மீனவர் ஒருவரின் வாய்மொழியும் மூலம்தான். எங்கே, எப்போது சொன்னார் என்று குறித்து, அவரிடம் அனுமதி கேட்டு எழுதினால் அதற்குக் கனம் உண்டு. பெயர் போடப் பயந்தால் போடாதீர்கள். திகதியைப் போடுங்கள்.

மகள் கட்டுரையின் நடுப்பகுதியைத் திருப்பி எழுதினார். பக்கங்கள் குறைந்தன, அடிக்குறிப்புகள் கூடின. என்ன புள்ளி வரும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டுரையைக் கையில் எடுக்கும் யாரும் ஒவ்வொரு வரியின் பின்னாலும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள். தீர்ப்பு வாசிக்க ஆங்கிலம் தடையாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். அகராதி இருக்கிறது, தேத்தண்ணியும் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், சேர்ந்து வாசிப்போம்.