பின்னால் வரும் பாரம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மகிழுந்து ஓட்டியவர் அவர். ஈப்போவில் ஓட்டுநர் உரிமம் எடுத்து, கேமரன் மலையின் வளைவுகளில் ஓட்டிப் பழகி, பின்னர் வேலை காரணமாக நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குக் குடிபெயர்ந்தவர். சாலையில் தமக்குத் தெரியாதது இனி எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தார். பழைய கேரவன் ஒன்றை வாங்கிய பிறகுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

கேரவன் என்பது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. அதற்கு இயந்திரம் கிடையாது. மகிழுந்துதான் அதை இழுத்துச் செல்ல வேண்டும். அவர் வாங்கிய கேரவனின் நீளம் நான்கு மீட்டர். உள்ளே இரண்டு படுக்கைகள், ஓர் அடுப்பு, ஒரு சிறிய மேசை. பொருள்களையும் ஏற்றினால் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். “இந்தக் கோடை விடுமுறைக்குத் தெக்காப்போ ஏரிக்குப் போகிறோம்!” என்று மனைவியிடமும் பதினான்கு வயது மகளிடமும் அறிவித்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் கேரவன் இழுத்துப் பழகியவர். புதிய கேரவனைப் பார்க்க வந்தவர், அதன் அழகைப் பார்க்கவில்லை. நேராக மகிழுந்தின் பின்புறம் சென்று குனிந்தார். அங்கே எஃகு உருண்டை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கேரவனின் முன்முனையில் உள்ள கிண்ணம் அந்த உருண்டையின்மேல் அமர வேண்டும். நியூசிலாந்தில் இவ்வுருண்டை இரண்டு அளவுகளில் புழங்குகிறது. ஒன்று 50 மில்லிமீட்டர். மற்றொன்று ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். கேரவனின் கிண்ணம் 50 மில்லிமீட்டர் உருண்டைக்கு உரியது. மகிழுந்தில் இருந்ததோ சிறிய உருண்டை.

“பார்ப்பதற்குச் சரியாகத்தானே பொருந்துகிறது?” என்று அவர் கேட்டார். நிற்கும்போது பொருந்தும், சாலைப் பள்ளத்தில் குலுங்கும்போது கழன்றுவிடலாம் என்று பெரியவர் விளக்கினார். வெறும் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு! அன்றே உருண்டை மாற்றப்பட்டது. பாதுகாப்புச் சங்கிலியை மாட்டுவது, விளக்குகளின் மின்கம்பியை இணைப்பது, முன்புறத் துணைச் சக்கரத்தைப் புறப்படும் முன் உயர்த்திக் கட்டுவது என ஒவ்வொன்றையும் பெரியவர் சொல்லச் சொல்ல, மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் ஒன்றில் பயிற்சியில் கழிந்தன. பின்னோக்கிச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. சுழல்விசையை வலப்பக்கம் திருப்பினால் கேரவன் இடப்பக்கம் போனது. கையைச் சுழல்விசையின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டு, கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தும்படி பெரியவர் கற்றுக்கொடுத்தார். வளைவுகளில் கேரவனின் சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டிச் செல்லும். ஆகவே அகலமாகத் திரும்ப வேண்டும். நிறுத்துவதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். ஆகவே முன்னால் செல்லும் வாகனத்துக்கு நான்கு வினாடி இடைவெளி விட வேண்டும். இவற்றையும் அவர் பழகிக்கொண்டார்.

பயண நாள் வந்தது. வழக்கம்போல் கடைசி நேரப் பரபரப்பு. பத்துக் கிலோ அரிசி, தோசைக்கு மாவரைக்கும் இயந்திரம், தண்ணீர் நிரப்பிய இரண்டு பெரிய கலன்கள். எல்லாவற்றையும் கேரவனின் பின்பக்கப் படுக்கையின் அடியில் தள்ளிவிட்டுப் புறப்பட்டார்.

நியூசிலாந்தின் திறந்த சாலைகளில் மகிழுந்துகள் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை செல்லலாம். கேரவனை இழுக்கும் வாகனத்துக்கு 90 கிலோமீட்டர்தான் எல்லை. அவர் எல்லையை மீறவில்லை. ஆயினும், ரோல்ஸ்டன் நகரைத் தாண்டிய நேர்ச்சாலையில், எதிரே வந்த பெரிய சரக்குந்து ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்தபோது, கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதானது. மகிழுந்தின் பின்பகுதியையும் சேர்த்து இழுத்தது. மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

அவரது வலக்கால் தானாகவே நிறுத்துவிசையின்மேல் போனது. அந்த நொடியில் பெரியவரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஆடும்போது மகிழுந்தைச் சட்டென நிறுத்த முயன்றால், பின்னால் வரும் பாரம் முன்னோக்கித் தள்ளும். ஆட்டம் இன்னும் மோசமாகும். அவர் காலை எடுத்தார். முடுக்கியையும் மிதிக்கவில்லை. சுழல்விசையை நேராகப் பிடித்தபடி காத்திருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

டன்சாண்டல் என்னும் சிற்றூரில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

“அப்பா, கனமான பொருள்களை அச்சுக்கு அருகில், தாழ்வாக வைக்க வேண்டும் என்று தாத்தா சொன்னாரே. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்முனையில் அழுந்த வேண்டுமாம். நாம் பின்னால் வைத்தவை எவ்வளவு இருக்கும்?”

அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். அறுபது கிலோவுக்கும் மேல் இருக்கும். சக்கரங்களின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி போன்றது. பின்பக்கம் அழுந்தினால் முன்பக்கம் உயரும். முன்முனையின் பிடி தளர்ந்த கேரவனைச் சிறு காற்றும் ஆட்டிவிடும். சரக்குந்தின்மேல் பழிபோட அவருக்கு மனம் வரவில்லை. “தவறு என்னுடையதுதான் அம்மா. அவசரத்தில் மறந்துவிட்டேன்” என்றார். கலன்களில் இருந்த தண்ணீரைக் கொட்டினார். அரிசியையும் இயந்திரத்தையும் கேரவனின் நடுவே, அச்சுக்குச் சற்று முன்னால், தரையில் வைத்துக் கட்டினார்.

மீண்டும் புறப்படலாம் என்று நிமிர்ந்தபோது, வயல் ஓரத்து உயர்ந்த மரங்கள் வளைந்து ஆடுவதைக் கண்டார். கேன்டர்பரி சமவெளியில் புகழ்பெற்ற வடமேற்குக் காற்று அது. மேற்குக் கடற்கரையில் மழையைக் கொட்டிவிட்டுத் தென் ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி, வெப்பமாகவும் வறண்டும் வேகமாக இறங்கும் காற்று. சற்றுத் தொலைவில்தான் ராக்காயா ஆற்றுப் பாலம். ஏறத்தாழ 1.75 கிலோமீட்டர் நீளம். நியூசிலாந்தின் மிக நீண்ட சாலைப் பாலம். அதன்மேல் காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. உயரமான பக்கங்களைக் கொண்ட கேரவன் அங்கே பாய்மரம்போல் காற்றை வாங்கும்.

“ஏரிக்கரையில் இன்றைக்கு இடம் பதிவு செய்து, பணமும் கட்டிவிட்டோமே” என்றார் மனைவி.

அவரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். மேலும், மற்ற மகிழுந்துகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால், அவற்றின் பின்னால் கேரவன் இல்லை. “பணம் போனால் போகட்டும். காற்று அடங்கட்டும்” என்றார்.

ஐந்து மணி நேரம் அங்கேயே காத்திருந்தனர். கேரவனின் சிறிய அடுப்பில் தேநீர் கொதித்தது. மகள் குறிப்பேட்டில் இருந்தவற்றை ஒரு வெள்ளை அட்டையில் வரிசையாக, பெரிய எழுத்துகளில் எழுதினாள். மாலையில் மரங்கள் அசைவற்று நின்றன. அதன் பிறகே அவர்கள் பாலத்தைக் கடந்தனர். அன்றிரவு ஆஷ்பர்டன் நகரிலேயே தங்கிவிட்டு, மறுநாள் நண்பகலில் தெக்காப்போ ஏரியை அடைந்தனர்.

இப்போதும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவர் அந்த அட்டையை எடுத்து, உருண்டை, சங்கிலி, விளக்கு, சக்கரம், பாரம் என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். எத்தனை முறை செய்திருந்தாலும் நினைவிலிருந்து செய்வதில்லை. அட்டையின் கடைசி வரியை மட்டும் எழுதியது மகளின் கை அன்று, அவருடைய கை. “காற்றைப் பார், தேவையென்றால் காத்திரு” என்பதே அந்த வரி.