வலது இறக்கையில் ஊசி

பூச்சி பிடிப்பவர்களோடு வயலுக்குப் போனால் நடக்க முடியாது. வெயில் ஏறும் முன்பே வரப்பில் இறங்கிவிட்டோம். பத்து மணிக்குத் திரும்பிப் பார்த்தால், வந்த ஜீப் கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு குச்சிக்கிழங்குக் காடு. மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி.

கூட வந்தவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண், ஒரு கல்லூரியின் பூச்சிச் சேகரிப்பில் உதவியாளராக இருக்கும் அண்ணன். இந்த மூன்றாமவரைப் பார்க்கத்தான் நான் போனேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பேராசிரியர் ஒரு வண்டை உள்ளங்கையில் வைத்து, "இது எந்தக் குடும்பம்ப்பா?" என்று கேட்டது அவரிடம்தான்.

கருவிகள் அப்படியொன்றும் பெரியவை அல்ல. செடிகளின் தலையை வலமும் இடமுமாக வீசி எடுக்கும் துணிவலை. மண்ணில் விளிம்புவரை புதைத்த பிளாஸ்டிக் குவளைகள். இரவில் ஊர்ந்து திரியும் வண்டுகள் அதில் விழும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் தட்டுகள். பூவென்று நினைத்து வரும் சிறு குளவிகளுக்கு அவை. வலைக்குள் கையால் பிடிக்க முடியாத பொடிப்பூச்சிகளை ஒரு ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக் குப்பிக்குள் சேர்க்கிறார் அந்தப் பெண். குழாயின் மறுமுனையில் வலைத்துணி கட்டியிருப்பதால் பூச்சி வாய்க்குள் வராது. "எப்பவாவது கட்ட மறந்துட்டா?" என்றேன். "ஒரு தடவை மறந்தா அப்புறம் மறக்க மாட்டீங்க சார்" என்றார்.

குச்சிக்கிழங்கை ஒட்டி நாலு வரிசை கத்தரி இருந்தது. தோட்டக்காரர் அங்கேதான் எங்களை நிறுத்தினார். இலையெல்லாம் சல்லடையாகக் கிடந்தது. அண்ணன் இரண்டு பொறிவண்டுகளைப் பிடித்து, ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தோட்டக்காரரிடம் லென்ஸைக் கொடுத்தார். இரண்டும் செம்மஞ்சள், இரண்டிலும் கறுப்புப் புள்ளி. வெறுங்கண்ணுக்கு அண்ணன் தம்பிதான். லென்ஸில் பார்த்தால் ஒன்று பளபளவென்று வழவழப்பாக இருக்கிறது. மற்றதன் முதுகு முழுக்க மென்மயிர் படர்ந்து மங்கலாகத் தெரிகிறது. பளபளப்பது அசுவினி தின்னும் வண்டு, பயிருக்குக் காவல். மயிர் படர்ந்தது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு, கத்தரி இலையைச் சுரண்டித் தின்பது.

"ரெண்டுக்கும் சேத்துத்தானுங்க மருந்தடிச்சிட்டு இருக்கறோம்" என்றார் தோட்டக்காரர்.

அந்த இருபத்தெட்டுப் புள்ளிக்கு 1775-இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ், லின்னேயஸின் மாணவர். நம் கடற்கரைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. லின்னேயஸிடம் படித்த இன்னொருவரான கோனிக், 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகள் பலவற்றுக்கு ஃபாப்ரிசியஸ்தான் முதல் விவரணை எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர் பார்த்த மாதிரிகளில் பல கோபன்ஹேகனில் இன்னும் ஊசியில் நிற்கின்றன. பெயரில் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் அந்த உடலைத்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

கிணற்றடியில் இருந்த பப்பாளி மரத்தில் வேறொரு நாடகம். காய்க்காம்பில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அதற்குள் மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு பெரிய மாவுப்பூச்சி போலவே ஒன்று நகர்ந்தது. அது மாவுப்பூச்சியே அல்ல, அதைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. 1898-இல் காப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். பூச்சி பெருத்துவிட்டது என்று பயந்து இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். சற்று மேலே, இலைக்காம்பில் ஒரு கூட்டுப்புழு. பேராசிரியர் லென்ஸை என்னிடம் தந்து, "நேரா முதுகுப் பக்கம் பாருங்க" என்றார். கண்ணும் மூக்கும் வாயுமாக ஒரு குரங்கின் முகம் என்னைப் பார்த்தது. ஒரு சிறிய பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் கூடு அது. வண்ணத்துப்பூச்சியின் புழு என்றால் இலை தின்னும் என்றுதானே படித்திருக்கிறோம்? இதன் புழு மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது.

பேராசிரியர் குச்சிக்கிழங்கின் நுனி ஒன்றைக் கிள்ளினார். இலைகள் சுருண்டு முட்டைக்கோஸ் போலக் குவிந்திருந்தன. பிரித்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிகள். அவர் அதற்கப்புறம் சொன்ன கதைக்காகவே இந்தப் பயணம் போகலாம்.

இந்தப் பூச்சி 1970-களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மரவள்ளியை நம்பி உயிர்வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களின் சோற்றில் கை வைத்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதியில் அலைந்தார்கள். அங்கே மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, அதைத் தாக்கும் குளவியும் கிடைத்தது. ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டால் குளவி சீந்தவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த வகைப்பாட்டியலர்கள்தான் அது வேறு இனம் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு 1981-இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது; அதன் குளவியும் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பெயரைப் பிரித்துச் சொன்னவர்களுக்கு ஒரு சால்வையாவது போர்த்தினார்களா என்று பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

அதே பூச்சி 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டு, சேலம், நாமக்கல் காடுகளுக்குள் புகுந்தது. இங்கே கிழங்கு போனால் சேகோ ஆலையும் போகும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து, 2022-இல் இங்கே பக்கத்தில் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இதற்கு முன்னால் பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இப்படித்தான் நடந்தது. 2008-இல் கோவையில் முதலில் கண்டார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அதை அடக்கியது. பெயர் தெரிந்ததால் எதிரியும் தெரிந்தது. தெரியாமலிருந்தால் மருந்துதான், மருந்தடித்தால் முதலில் சாவது குளவி.

இயற்கைப் பாதுகாப்பு என்றால் நமக்கு யானையும் புலியும்தான் நினைவுக்கு வரும். 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் இந்தக் குளவிகள் அழகில்லாதவை, யாரும் படம் எடுத்து மாட்ட மாட்டார்கள். வேலியோரம் பூத்துக் கிடக்கும் பூக்களின் தேனும் அவற்றுக்கு உணவு. உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் அந்தக் காட்டில் குளவிக்குச் சோறு குறையும்.

மறுநாள் சேகரிப்பு அறைக்குப் போனோம். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மண்டைக்கு ஏறியது. அண்ணன் ஊசி குத்த உட்கார்ந்தார். வண்டு என்றால் வலது முன்னிறக்கையின் தோள்பக்கம் குத்த வேண்டும். ஊசி கீழே நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் வெளிவர வேண்டும். நாவாய்ப்பூச்சிக்கு முதுகிலுள்ள முக்கோணத் தகட்டில், சற்று வலப்புறம். வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். ஊசி தாங்காத பொடிக் குளவியை முக்கோண அட்டையின் நுனியில் துளிப் பசையில் ஒட்ட வேண்டும். ஏன் வலப்பக்கம் என்றேன். "ஊசி போன பக்கம் கெட்டுடுமுங்க. இடது பக்கமாவது முழுசா இருக்கணும்ல" என்றார். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

பிறகு சீட்டு. நகத்தளவு தாளில் ஊர், மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர் பெயர். அதன் கீழே இன்னொரு சீட்டில் எந்தச் செடி, எந்த வலை. மூன்றாவது சீட்டு, இனத்தின் பெயருக்கு. அது பல ஆண்டு காலியாகவே இருக்கும். "சீட்டு இல்லீன்னா இது குப்பைங்க. எவ்வளவு அழகா இருந்தாலும் குப்பைதான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் கையெழுத்து அச்செழுத்தைவிடப் பொடி.

பக்கத்து மேசையில் அந்தப் பெண் மாவுப்பூச்சியை ஒரு காரக் கரைசலில் போட்டு உள்ளிருப்பதைக் கரைத்து, வெறும் தோலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். தோலிலுள்ள நுண்துளைகளை எண்ணித்தான் இனத்தைச் சொல்ல முடியும். செல்போன் செயலியில் படம் போட்டால் பெயர் வந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்களாம். வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் பெரும்பாலும் வரும். நானே பயன்படுத்துகிறேன். துளை எண்ண வேண்டிய பூச்சிக்கு எந்தப் படமும் உதவாது.

கொல்லாமல் செய்ய முடியாதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஒரு தடவை மருந்தடிப்பதில் சாவதோடு ஒப்பிட்டால் ஓர் ஆய்வாளர் ஆயுள் முழுக்கப் பிடிப்பது ஒன்றுமில்லை என்பது பேராசிரியரின் பதில். எனக்கு அதைவிட ஜெர்மனியின் கதைதான் பெரிதாகப் பட்டது. கிரெஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் பொறி வைத்துப் பிடித்ததை எடைபோட்டு, குப்பிகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான், 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்குமேல் குறைந்துவிட்டது என்று 2017-இல் சொல்ல முடிந்தது. நம் ஊரிலும் மின்மினி காணோம், ஈசல் காணோம் என்று பேசிக்கொள்கிறோம். பழைய குப்பியும் சீட்டும் இருந்தால்தான் அது வெறும் பேச்சாகப் போகாது.

அலமாரிகளை மூடும்போது, மழைக்காலத்தில் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சையும், பெட்டிக்குள் புகும் ஒரு சிறு வண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் பொடியாக்கிவிடும் என்றார் அண்ணன். வரும் வைகாசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்க இன்னும் உத்தரவு வரவில்லை. வந்த பிறகு எடுத்தால், ஊசி குத்தக் கற்றுக்கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கல்லூரிகளில் இப்படி எத்தனையோ பூச்சி அலமாரிகள் உண்டு. அவற்றின் சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள், பழைய ஆள் போவதற்குள் புதிய ஆளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.